சேர்த்த காசு கரைந்தது. இனி இன்றைக்கு மட்டும் வாழலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. யாழ். திருநெல்வேலியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை. சம்பளம் 90,000 ரூபா, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கழித்து 82,800 கைக்கு வரும். அப்பா ஓய்வு பெற்றபோது 8 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டார். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. "பிறகு பார்ப்பம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். 2022 பொருளாதார நெருக்கடியில் அந்தக் காசின் பெறுமதி கரைந்தது. போன வருடம் அப்பாவும் போய்விட்டார். இனி இன்றைக்கு வாழ்வது என்று முடிவெடுத்தேன். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் (மாதம் 18,500), கிழமைக்குக் கிழமை நண்பர்களோடு பயணம், கடனட்டையில் 1,40,000 நிலுவை, வங்கியில் 25,000. வீட்டுக்கு 32,000 கொடுக்கிறேன். அம்மா கவலைப்படுகிறார். நான் செய்வது பிழையா?

பதில்: தம்பி, அப்பாவை நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு முந்தின வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 1,700 ரூபா கொடுக்க வேண்டி வந்தது. வட்டியை விட்டுப் பார்த்தால், அப்பாவின் 8 இலட்சம் 4 இலட்சத்து 70 ஆயிரத்தின் வேலையைத்தான் செய்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வருடக் கடைசியில் ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. 2023 செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கிவிட்டது. அப்போது புதுப்பித்தவர்கள் இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றார்கள். அந்த நாட்களில் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்களில் சேமிப்பு இல்லாதவர்களின் முகம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் குடும்பமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எனக்கு 12 வயது. அந்த ஒரே றோட்டில் நடந்த இரண்டு பேர் இரண்டு விதமாக மாறினார்கள். சித்தப்பா "நாளைக்கு ஆர் கண்டது" என்று நல்ல மீனும் இறாலுமாக, வந்தவர்களையெல்லாம் இருத்திச் சாப்பாடு போட்டு வாழ்ந்தார். அவர் வீட்டில் சிரித்த மாதிரி நான் வேறெங்கும் சிரித்ததில்லை. இருதய சத்திரசிகிச்சை வந்தபோது கனடாவிலிருந்து காசு வரும்வரை நாள் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பெரியம்மா ஒரு சதமும் வீணாக்கமாட்டார். அவர் காலமான பிறகு அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினோம். மகன் அனுப்பிய கோப்பைகள், ஒட்டிய நாடாகூடக் கிழிபடவில்லை. விருந்தாளி வந்தால் எடுப்பம் என்று பதினெட்டு வருடம் வைத்திருந்தவர். இவர்களில் ஒருவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் நாளைக்கென்று ஒன்றுமே வைக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். அது சரியில்லை. ஈபிஎஃப்புக்கு உங்கள் 8 வீதம் 7,200. முதலாளியின் 12 வீதம் 10,800. மாதம் 18,000 ரூபா உங்கள் பெயரில் ஏறுகிறது. முதலாளி கட்டும் ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் அதற்கு மேலே. ஆக, 55 வயதுக்கான காசு நீங்கள் தொடாமலே சேர்கிறது. உங்களிடம் இல்லாதது அடுத்த மாதத்துக்கான காசு. வேலை போனால், அம்மா விழுந்தால், கையில் இருப்பது 25,000. அப்பா வைத்துவிட்டுப் போன 8 இலட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். அது இனி அம்மாவின் காசு.

பயணம் போவதில் எனக்குக் குறையில்லை. இருபத்தொன்பது வயதில் நண்பர்களோடு நிலாவெளிக் கடலில் குளிப்பதை ஐம்பதில் வாங்க முடியாது. ஆனால் கடனட்டையில் போன பயணம் இன்றைக்கு வாழ்ந்ததாகாது. போன மாசி மாதக் குளிப்புக்கு நீங்கள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் ஆண்டுக்கு 20 வீதத்துக்கு மேல். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வாங்கிய கடன் மிக மெதுவாகத்தான் குறையும்.

லீசிங்கும் வீட்டுச் செலவும் போக உங்களிடம் 32,300 மிஞ்சுகிறது. அதில் 15,000ஐ சம்பள நாளிலேயே கடனட்டைக்குக் கட்டுங்கள். அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். புதுச் செலவு ஏறாவிட்டால் பத்துப் பதினொரு மாதத்தில் தீரும். தீர்ந்த அடுத்த மாதத்திலிருந்து அதே 15,000 தனிக் கணக்குக்குப் போகட்டும். லீசிங்கோடு சேர்த்து மூன்று மாதச் செலவு, ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் சேரும்வரை அதைத் தொடாதீர்கள். இன்னொரு 7,000ஐ வேறாக வையுங்கள், எதற்கென்று பிறகு சொல்கிறேன். மிச்சம் 10,300 உங்களுடையது. கொத்துரொட்டியோ கடலோ, அதற்கு யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கொரு பயணம் மாதத்துக்கு ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான்.

அந்த 7,000 சிதம்பரத்துக்கு. வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் அதையும் கடனட்டையில் கட்டச் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். கடன் அடுத்த வருடமும் அடைபடும். அம்மாவின் முழங்கால் அடுத்த வருடமும் கோயில் வீதியில் நடக்கும் என்று யார் சொல்வது? அப்பா கேட்ட திருவாதிரையை அம்மாவாவது பார்க்கட்டும். பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் இருக்கிறது, கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. கேட்டுப் பாருங்கள், அம்மாவும் ஒரு பங்கு போடுவார். இந்தக் கிழமையே அவருடைய கடவுச்சீட்டை எடுத்து, எந்தத் திகதி வரை செல்லுபடி என்று பாருங்கள்.