தடுப்பூசி போடாத மக்களிடம் போலியோ எதிர்ப்பாற்றலை எப்படி அளப்பது?

நோயாளிகளை எண்ணிப் பயனில்லை. தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூடக் கைகால் செயலிழப்பதில்லை; பெரும்பாலோருக்கு வந்துபோனதே தெரியாது. ரத்தத்தில்தான் தேட வேண்டும், அதுவும் வயதுவாரியாக.

ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு 1:8, 1:16 என 1:1024 வரை நீர்க்கச் செய்து, சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் சுமார் 100 தொற்றலகு போலியோ வைரஸ் சேருங்கள். 3 மணி நேரம் கழித்து, இந்த வைரஸ் கொல்லக்கூடிய செல்களை இட்டு, 5ஆம் நாள் பாருங்கள். 1:8 அளவிலாவது செல்கள் பிழைத்திருந்தால், வைரஸை முடக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி உண்டு. போலியோவின் மூன்று வகை வைரஸுக்கும் தனித்தனியே செய்தாக வேண்டும். வைரஸ் அளவு கூடிப்போனால், இருக்கும் ஆன்டிபாடியும் இல்லாததுபோல் தெரியும். அதனால் வைரஸை ஒவ்வொரு முறையும் மறுபடி அளந்து சரிபாருங்கள். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளை விட்டுவிடுங்கள், அவர்களிடம் இருப்பது தாயின் ஆன்டிபாடி.

வயது ஏன் முக்கியம்? வட அலாஸ்காவின் பழங்குடியினரிடம் 1949இல் எடுத்த சீரத்தை அமெரிக்கத் தொற்றுநோய் ஆய்வாளர் ஜான் பாலின் குழு சோதித்தபோது, 2ஆம் வகை வைரஸுக்கான ஆன்டிபாடி சுமார் 20 வயதைத் தாண்டியவர்களிடம்தான் இருந்தது. அந்த வைரஸ் இருபதாண்டுகளுக்கு முன் வந்துபோய்விட்டது. எதிர்ப்பாற்றலோ மறுதொற்று இல்லாமலே நீடித்திருந்தது!

இன்று அக்கம்பக்கத்தில் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் கவனம். அந்த மருந்தில் உள்ள பலவீனமாக்கிய வைரஸ் மலம் வழியே மற்றவருக்கும் பரவும். அதன் ஆன்டிபாடியை இயற்கைத் தொற்றிலிருந்து இச்சோதனை பிரித்துக் காட்டாது.