தலைமை நூலகர் மிரட்டினால் என்ன செய்வது?

மாணவர்கள் முன்னாலேயே மட்டம் தட்டுகிறார், காணாமல் போன புத்தகங்களுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார் தலைமை நூலகர். கல்லூரியில் உதவி நூலகரான நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதானே கேள்வி?

முதலில் அந்தப் புத்தக மிரட்டல். வாசகர்களே அலமாரியிலிருந்து எடுக்கும் நூலகத்தில் கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. ஓராண்டில் வழங்கிய, பார்வையிட்ட 1000 நூல்களுக்கு 5 வரை தொலைவது இயல்பு என்கிறது 215-ஆம் விதி. நேர்மைக்கேடோ அலட்சியமோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. தனியார் கல்லூரியை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது; ஆனாலும் முதல்வர் மேசையில் வைக்க நல்ல ஆதாரம்.

அப்புறம், வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றே மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று காலை நீங்கள் சொன்னபடி இருப்புச் சரிபார்ப்பை நான் மட்டும் செய்கிறேன்." சண்டை தொனி வேண்டாம். தேதி, நேரம், அருகில் இருந்தவர் என்று ஒரு நோட்டில் குறித்து, அதை வீட்டில் வையுங்கள்.

சட்டம்? பொதுவான பணியிட மிரட்டலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி பணியிடத்திலேயே புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரைப் பிறர் முன்னால் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மற்றபடி முதல்வருக்கு எழுத்தில் புகார்; நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்க மறக்காதீர்கள்.