மின்சாரக் கார் எத்தனை தூரம் ஓடும்? தாப்பா வட்டாரக் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர், ஆயர் கூனிங் பக்கம் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் வாங்க யோசிப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின் சாதனப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது 60 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் ஓட்டுகிறார். யூனிட் என்று இங்கே வருவதெல்லாம் கிலோவாட் மணி. வீட்டுக்கு வரும் தெனாகா மின்சார பில்லில் இருக்கும் அதே யூனிட்தான்.

தோட்டத்துக் கிராணி, ஆயர் கூனிங்: அண்ணே, வாங்கும்போது 480 கிலோமீட்டர் ஓடும்னு தாளில் போட்டிருந்தாங்க. எனக்கு 370-க்கு மேல வரவே மாட்டேங்குது. பேட்டரியில ஏதும் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை தம்பி. 370 நல்ல ஓட்டம். அந்த 480, என்இடிசி என்ற பழைய ஐரோப்பியச் சோதனையில் வந்த கணக்கு. அந்தச் சோதனையின் நீளமே 11 கிலோமீட்டர்தான். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. ஏர்கோன் போடமாட்டார்கள். இப்படி நம் ஊரில் யார் ஓட்டுகிறார்கள்? பிறகு வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 23 கிலோமீட்டருக்குப் போகும், வேகமும் 130 வரை ஏறும். அதனால் நிஜத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரும். பிஒய்டி அட்டோ 3 காரின் 60.48 யூனிட் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்இடிசியில் 480, டபிள்யூஎல்டிபியில் 420. காரும் பேட்டரியும் ஒன்றேதான், அளந்த விதம்தான் வேறு. புரோட்டோன் இ.மாஸ் 7-இன் பெரிய பேட்டரிக்குச் சொல்லும் 410, டபிள்யூஎல்டிபி கணக்கு. ஆக, இரண்டு காரை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் எந்தச் சோதனை என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சீனாவின் சிஎல்டிசி எண் என்றால் இன்னும் தாராளமாகவே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாக் கேள்விக்கும் இதுதான் அடிப்படை. திரையில் காட்டும் மீதிக் கிலோமீட்டரைப் பார்த்து ஓட்டாதீர்கள். பல கார்களில் அது இதுவரை ஓட்டியதை வைத்துச் சொல்லும் ஊகம்தான். அதற்குப் பதிலாக 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணைத் திரையில் கொண்டுவந்து வையுங்கள். உங்களுக்கு அது 16 பக்கம் இருக்கும். 60-ஐ 16 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 375. உங்கள் காலும் நம் சாலையும் சேர்ந்து எழுதும் கணக்கு அதுதான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பீடோர்: ஏர்கோனை அடைச்சுட்டு ஓட்டினா ரொம்ப மிச்சமாகுமா? வீட்டுக்காரர் பிள்ளைகளை வேர்க்க வேர்க்க கூட்டிட்டுப் போறார்.

வேண்டாம் டீச்சர், பிள்ளைகளை வாட்டாதீர்கள். ஏர்கோன் கிலோமீட்டருக்குச் செலவு வைப்பதில்லை, மணி நேரத்துக்கு வைக்கிறது. வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்கும் முதல் சில நிமிடம் மூன்று நான்கு கிலோவாட் இழுக்கும். உள்ளே குளிர்ந்தபின் சுமார் ஒரு கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். மணிக்கு 90-இல் போகும்போது ஒரு மணி நேரத்தில் கார் 13, 14 யூனிட் செலவழிக்கிறது என்றால் ஏர்கோன் பங்கு அதில் ஒன்று. ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதே ஒரு யூனிட்டுக்கு 20 கிலோமீட்டர்கூட நகர்ந்திருக்க மாட்டோம். அப்போது 100 கிலோமீட்டர் கணக்கு எகிறும். பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேரம் நெரிசலில் நின்றாலும் ஏர்கோனுக்குப் போவது பேட்டரியில் நான்கைந்து சதவிகிதம்தான்.

மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. காலையில் பிளக்கைக் கழற்றும் முன்பே ஏர்கோனைப் போட்டுவிடுங்கள், அந்த முதல் குளிர்ச்சிக்கு வீட்டு மின்சாரம் போகும். பள்ளியில் கண்ணாடிக்கு மறைப்பு போடுங்கள். மதியம் ஏறும்போது நான்கு கதவையும் திறந்து அனலை வெளியே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். 24, 25-இல் வைத்தால் போதும். குளிர் நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் ஓட்டம் குறைகிறது என்று போடும் காணொளிகளும் நமக்குப் பொருந்தாது. அங்கே பேட்டரியையும் கார் உள்ளேயும் சூடாக்கவே நிறைய போகிறது.

லயன் வீட்டில் இருக்கும் லோரி ஓட்டுநர்: அண்ணே, சுவர்ல இருக்கற சாதாரண மூணு கால் பிளக்குலயே சார்ஜ் போடலாமா? கார் வெளியே நிக்கும், ஜன்னல் வழியா வயர் இழுக்கலாம்னு இருக்கேன்.

இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லவேண்டும். தூரம் குறைந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். வயரிங் தப்பினால் வீடு போய்விடும்.

காரோடு வரும் மூன்று கால் சார்ஜர் சுமார் 2 கிலோவாட் இழுக்கும். கேட்க சிறிதாக இருந்தாலும் அரிசிக் குக்கர் மாதிரி அரை மணியில் அணைந்துவிடுவது இல்லை இது. எட்டு, பத்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். பழைய லயன் வீடுகளில் சாக்கெட் உள்ளே பிடி தளர்ந்திருக்கும், சில இடத்தில் எர்த் கம்பி பேருக்கு மட்டும் இருக்கும். தளர்ந்த இடத்தில்தான் சூடு பிறக்கும். சார்ஜ் ஓடி ஒரு மணி நேரம் ஆனதும் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பிறகு பிளக்கை உருவி அதன் கால்களைப் பாருங்கள். ஒரு காலின் ஓரம் மட்டும் பழுப்பேறி, அதற்கு நேரான சாக்கெட் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் மஞ்சள் தட்டியிருந்தால் அந்த சாக்கெட்டில் இனிமேல் விசிறிகூடப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். சுருட்டி வைத்த வயர் இன்னும் மோசம், சுருளுக்குள் சூடு வெளியேற வழி இருக்காது. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வீடு அவர்களுடையது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரை வைத்து, மெயின் பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், கசிவு ஏற்பட்டால் வெட்டும் ஆர்சிசிபி, மழை படாத சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மணி நேரத்தில் 20 யூனிட் ஏறும். இழப்பு போனாலும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வர இதுவே தாராளம்.

சொந்த வீடு, வசதி இருக்கிறது என்றால் 7 கிலோவாட் சுவர் சார்ஜர் நல்லது. வேகம் மட்டும் காரணமில்லை. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கணினிகள் விழித்திருக்கும், அவற்றுக்கும் மின்சாரம் போகும். மெதுவாகப் பத்து மணி நேரம் ஏற்றினால் அந்தச் செலவும் பத்து மணி நேரத்துக்கு.

காய்கறி வியாபாரி, தாப்பா: வாரா வாரம் கேமரன் மலைக்கு ஏறணும். பேட்டரி தாங்குமா? பாதி வழியில நின்னுட்டா அந்த வளைவுகள்ல என்ன செய்யறது?

தாங்கும் அண்ணே. கணக்கைப் பாருங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 1,400 மீட்டர். ஆள், சாமானோடு இரண்டு டன் எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 7.6 யூனிட் வேண்டும். மோட்டாரில் போகும் இழப்பையும் சேர்த்தால் எட்டரை. சமதளத்தில் அந்த 60 கிலோமீட்டரை மெதுவாக ஓட இன்னொரு எட்டு. மொத்தம் 16, 17 யூனிட், அதாவது 60 யூனிட் பேட்டரியில் கால் பங்குக்குச் சற்று மேல். லத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி தாண்டி ரிங்லெட் போகும்போது திரை 100 கிலோமீட்டருக்கு 27, 28 என்று காட்டும், மீதிக் கிலோமீட்டர் சடசடவென விழும். அந்த ஊகத்தை நம்ப வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைப் பிடித்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். இதைத்தான் ரீஜென் என்பார்கள். பொறுமையாக இறங்கினால் தாப்பா வரும்போது மேலே இருந்த சதவிகிதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். போய்வந்த 120 கிலோமீட்டரையும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 14, 15 யூனிட்தான். மலை தின்றதில் பெரும்பகுதியை மலையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வையுங்கள். மேலே தங்கி சார்ஜ் போட்டால் 100 சதவிகிதம் வரை ஏற்றிவிட்டு உடனே இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை, கார் அந்தப் பிடிப்பைக் குறைத்துவிடும், முழுச் சுமையும் பிரேக்குக்குப் போகும். 80-இல் நிறுத்துங்கள். இறங்கும் முன் ரீஜென் அளவைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அவரே: கூரை மேல கேரியர் போட்டுக் கூடை கட்டலாமா?

உள்ளே இடமிருந்தால் உள்ளேயே வையுங்கள். சமதளத்தில் எடை பெரிதாக இழுக்காது, கூரையில் காற்றை மறிக்கும் சாமான்தான் இழுக்கும். வெறும் கேரியரானாலும் வேலையில்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

பொறியியல் மாணவர், தாப்பா ரோடு: ஜொகூர் பாருவுக்கு 480 கிலோமீட்டர். 110-லயே அழுத்திட்டுப் போலாமா அங்கிள், இல்ல மெதுவா போனாதான் வருமா?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும், நீங்கள் படித்ததுதான் தம்பி. 90-க்கும் 110-க்கும் நடுவில் அது ஒன்றரை மடங்காகிறது. நடுத்தர எஸ்யூவி ஒன்று 90-இல் 100 கிலோமீட்டருக்கு 14, 15 யூனிட்டில் போகும், 110-இல் 18, 19 கேட்கும். 60 யூனிட் பேட்டரியில் 10 சதவிகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் 90-இல் 370 கிலோமீட்டர் வரலாம், 110-இல் 300-க்குள். இரண்டிலுமே வழியில் ஒரு தடவை நிற்கத்தான் வேண்டும், ஆனால் 110-இல் ஏற்ற வேண்டியது கூட.

என் யோசனை 100. முழுத் தூரத்துக்கும் 110-ஐ விட 26 நிமிடம் அதிகம், காற்றின் எதிர்ப்போ 110-இல் இருப்பதை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த 26 நிமிடத்தில் கணிசமான பகுதி சார்ஜரில் நிற்கும் நேரம் குறைவதிலேயே திரும்பிவிடும். வழியில் பேட்டரி 20 சதவிகிதத்துக்கு வரும்போது நின்று 80-இல் கிளம்புங்கள். 80-க்கு மேல் கார் தானாக மின்சாரம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். கடைசி 20-க்காகக் காத்திருந்தால் பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் கஷ்டம். கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். பெரிய ரிம் மாற்றும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், தூரத்தைத் தின்னும்.

ஓய்வு பெற்ற தாதி, பீடோர்: தினமும் 100 வரை ஏத்தலாமா, 80 போதுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க தம்பி.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அக்கா, அவரவர் பேட்டரி வேறு. அட்டோ 3, டால்பின், இ.மாஸ் 7 எல்லாம் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரகம். அந்த ரகத்தில் பேட்டரி பாதியில் இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும், அதனால் கணினிக்குச் சதவிகிதக் கணக்கு மெல்லத் தப்பும். வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும். நிக்கல் கலந்த என்எம்சி ரகம் என்றால் அன்றாடம் 80 போதும், நெடும்பயணத்துக்கு முதல் இரவு மட்டும் 100. எந்த ரகமானாலும் 100-இல் வைத்து வெயிலில் நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள். கையேட்டில் உங்கள் காருக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முடிவு.

அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர், தாப்பா: எனக்கு வீட்டுல சார்ஜ் போட வழியே இல்ல. செலவு மிச்சமாகும்னு மின்சாரக் கார் எடுக்கலாமா அண்ணே?

செலவு மிச்சம்தான் ஒரே காரணம் என்றால் எடுக்காதீர்கள். எனக்குப் பிடித்த கார்தான், ஆனாலும் சொல்கிறேன். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார், 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி95 மானியப் பெட்ரோல் விலையான 1.99 வெள்ளியில் சுமார் 14 வெள்ளி கேட்கும். மின்சாரக் கார் 15 யூனிட்டில் ஓடினால், இழப்பும் சேர்த்து மீட்டரில் 16.5 யூனிட். 2025 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தில் மின்சாரம், கொள்ளளவு, மின் வலையமைப்பு ஆகிய மூன்று கட்டணமும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென், ஆக 7 வெள்ளி 33 சென். பாதிக்குப் பாதி. ஆனால் நெடுஞ்சாலை வேக சார்ஜரில் யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேலேயே போகும். 1.40 என்று வைத்தால் அதே தூரத்துக்கு 21 வெள்ளி. வேலை இடத்தில் மலிவாக சார்ஜ் கிடைத்தால் மறுபடி யோசிக்கலாம்.

வீட்டில் போடுபவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் பில்லில் 200 யூனிட் கூடும். 600-ஐத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் சேரும், எரிபொருள் விலைச் சரிக்கட்டலும் வரும். 1,000-ஐத் தாண்டினால் சிக்கன ஊக்கத் தள்ளுபடி போய்விடும். நேரவாரிக் கட்டணம் எடுத்து இரவு 10 மணிக்கு மேல் போட்டால் யூனிட்டுக்கு 2.6 சென் குறையும். ஆனால் வேலை நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை மற்ற உபயோகத்துக்குக் கொஞ்சம் கூடும். பகலெல்லாம் ஏர்கோன் ஓடும் வீடு என்றால் அதில் லாபம் பெரிதாக இருக்காது.

மளிகைக் கடைக்காரர், ஆயர் கூனிங்: குடும்பத்தோட மூணு வாரம் இந்தியாவுக்குப் போறோம். காரை பிளக்குலயே விட்டுட்டுப் போகலாமா?

வேண்டாம். 50, 60 சதவிகிதத்தில் வைத்துப் பிளக்கைக் கழற்றி, நிழலில் நிறுத்துங்கள். இடி மின்னல் காலத்தில் ஆளில்லாத வீட்டில் பிளக் மாட்டியிருப்பது நல்லதல்ல. காரில் கண்காணிப்புக் கேமரா வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், நாள் முழுக்க மின்சாரம் இழுப்பது அதுதான். கைபேசிச் செயலியில் அடிக்கடி காரைத் தட்டி எழுப்பாதீர்கள். சும்மா நிற்கும் காரில் பெரிய பேட்டரி அதிகம் குறையாது, முன்னால் இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்கினால்தான் கதவே திறக்காது. சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியை எப்படி எடுப்பது என்று கிளம்பும் முன் ஒரு தடவை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.