ஐந்து குடும்பங்களின் கூட்டு வகுப்பு: ஆண்டுச் செலவை நானே முதலில் கட்டிவிடலாமா?

கேள்வி: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஐந்து குடும்பங்கள் நாங்கள். 11 முதல் 14 வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 30 வாரம் கூட்டு வகுப்பு நடத்தப் போகிறோம். மூன்று குடும்பங்களில் இரண்டிரண்டு பிள்ளைகள், மற்ற இரண்டில் ஒவ்வொரு பிள்ளை. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் வெளியிலிருந்து ஆசிரியர்கள். மற்ற பாடங்களைப் பெற்றோரே எடுப்போம். அறையை ஓராண்டுக்கு மொத்தமாகப் பேசினால் வாடகையைக் குறைப்பதாகச் சொல்கிறார்கள். என் அவசரகாலச் சேமிப்பிலிருந்து முதலில் கட்டிவிட்டு, பிள்ளைக்கு இவ்வளவு என்று மற்றவர்களிடம் மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாமா? செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம். உங்கள் சேமிப்பைத் தொட வேண்டாம், ஓராண்டு ஒப்பந்தத்திலும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். வாடகையில் கிடைக்கும் தள்ளுபடிக்காக, மற்ற நான்கு குடும்பங்களுக்கும் வட்டியில்லாமல், பத்திரமில்லாமல் கடன் கொடுத்தவராகிவிடுவீர்கள்.

உங்கள் பட்டியலை மொத்தம் 100 பங்காக மாற்றிப் பார்த்தேன். அறை வாடகை 35, ஆசிரியர் சம்பளம் 40, விபத்துப் பொறுப்புக் காப்பீடு 5, சில்லறைச் செலவு 4. இந்த 84 பங்கும் எட்டுப் பிள்ளைகள் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் மாறாது. பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவது புத்தகம், அச்சு, சோதனைப் பொருள்களுக்கான 16 மட்டுமே. அதாவது பிள்ளைக்கு 2.

நீங்கள் நினைப்பதுபோல் பிள்ளைக் கணக்கில் வசூலித்தால் தலைக்கு 12.5. இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் விலகினால் 25 வருமானம் போகும். செலவில் குறைவது 4தான். பாக்கி 21 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். அதை மற்ற ஆறு பிள்ளைகளுக்குப் பிரித்தால் கட்டணம் 16 ஆகும், 28 சதவீத உயர்வு. அந்த உயர்வைக் கேட்டு இன்னொரு குடும்பம் யோசிக்கத் தொடங்கும். சிறிய குழுக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது விலகலில்தான் கலைகின்றன. முதலில் போகிறவர்கள் மனக்கசப்பால் போக வேண்டும் என்றில்லை. வேலை மாற்றம், வீடு மாற்றம், பிள்ளை பள்ளிக்கே போக ஆசைப்படுவது என்று எதுவாகவும் இருக்கலாம்.

அதனால் வரவுசெலவை ஒரு குடும்பம் குறைவாகவே போடுங்கள். மாறாத 84ஐக் குடும்பங்களுக்கே சமமாகப் பிரித்தால் ஒற்றைப் பிள்ளை வீட்டார் முணுமுணுப்பார்கள், அது நியாயமும்கூட. முழுவதையும் பிள்ளைகள் மீது போட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். பாதியைக் குடும்பங்களுக்கும் பாதியைப் பிள்ளைகளுக்கும் பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஐந்து குடும்பங்களும் இருந்தால் குடும்பத்துக்கு 8.4, பிள்ளைக்கு 5.25, அதோடு பொருள்களுக்கு 2. ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு 15.65, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 22.9. இதுதான் ஆண்டுக் கட்டணம்.

இதே கணக்கை நான்கு குடும்பம், ஆறு பிள்ளைகள் என்று போட்டால் 19.5, 28.5 என்று வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது 3.85 அல்லது 5.6ஐ, சேரும்போதே டெபாசிட்டாக வாங்கிவிடுங்கள். ஐந்து வீட்டிலிருந்தும் சேர்ந்து 24.5 வரும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு வகுப்பு தொடங்கும் முன்பே பின்வாங்கி, அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும், மற்ற நால்வரின் கட்டணமும் டெபாசிட்டும் சேர்ந்து 96 ஆகும். அப்போதைய செலவும் 96தான். யாரும் விலகாவிட்டால் ஆண்டு முடிவில் டெபாசிட்டை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். ஆண்டு நடுவில் விலகுகிறவர்களுக்கு, அவர்கள் இடத்துக்கு வேறொரு குடும்பம் வந்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வையுங்கள்.

மாதத் தவணை வேண்டாம். பருவத் தொடக்கத்திலேயே 40, 30, 30 சதவீதமாக மூன்று தவணை வாங்குங்கள். முதல் தவணை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காப்பீட்டை முழுதாக முதலிலேயே கட்ட வேண்டும் (5), பொருள்களில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே தேவை (சுமார் 10), அறைக்கு முன்பணம் கேட்கிறார்கள் (உங்கள் பட்டியலில் 6), அதோடு முதல் பத்து வாரத்துக்கான வாடகையும் சம்பளமும் 25. சில்லறையையும் சேர்த்தால் 47க்குக் கொஞ்சம் மேலே. கையில் இருப்பது தவணை 40, டெபாசிட் 24.5, ஆக 64.5. அறை முன்பணம் கடைசியில் திரும்ப வரும் என்பதால் டெபாசிட்டின் ஒரு பகுதி அதில் முடங்கினாலும் பாதகமில்லை. ஆனால் அந்த 6 கைக்கு வந்த பிறகுதான் டெபாசிட் முழுதாகத் திரும்பும் என்று எல்லாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் சேமிப்பிலிருந்து போக வேண்டியது உங்கள் வீட்டுப் பங்கு மட்டுமே.

அறையைப் பருவத்துக்குப் பருவம் பேசுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். வாடகை நேரத்தை எண்ணும்போது வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். மேசை போடவும் கழுவித் துடைக்கவும் முன்னும் பின்னும் அரைமணி வேண்டும். நான்கு மணி நேர வகுப்புக்கு ஐந்து மணி நேர வாடகை. இதை விட்டுவிட்டுப் போட்ட பட்டியலில் வாடகை ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். உங்கள் 35 எந்தக் கணக்கு என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று பேசுங்கள், பிள்ளைக்கு இவ்வளவு என்று அல்ல. அவர் வராத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா, நீங்கள் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். அவர் சம்பளப் பணியாளரா, தனியாக ஒப்பந்தத்தில் வருகிறவரா என்பதைப் பொறுத்து வரிப் பிடித்தம் மாறும். பாடம் எடுக்கும் பெற்றோருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தருவதும் சில இடங்களில் அவர்களின் வருமானமாகக் கருதப்படலாம். தள்ளுபடிக்குப் பதில் மணிக்கணக்கு வைத்துக்கொள்வது எளிது: வாரம் இத்தனை மணி ஒவ்வொரு வீடும் தர வேண்டும், முடியாதவர்கள் வேறு வாரத்தில் ஈடுகட்ட வேண்டும்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். பதிவு பெறாத குழுவின் பெயரில் கணக்கு திறப்பது பல இடங்களில் கடினம். அதுவரை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இருவரின் கூட்டுக் கணக்கு போதும், இருவர் ஒப்புதலும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு. அதில் வேறு எந்த வீட்டுப் பணமும் கலக்கக் கூடாது. கணக்கு எழுதுபவரும் செலவுக்கு அனுமதி தருபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை இருப்பையும் ரசீதுகளையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

முதல் தவணை வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இது கட்டணத்தையே மாற்றிவிடும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கோ அதற்கு மேலோ முழுநேரக் கல்வி தரும் இடம் பள்ளியாகப் பதிவு பெற வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பிள்ளைகள், பெற்றோர் உடன் இருக்கிறார்களா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு செலவும் உண்டு. வகுப்பு நாள்களில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளப் போகும் பெற்றோரின் வருமான இழப்பு அது. சில வீடுகளில் கட்டணத்தைவிட அதுவே பெரிதாக இருக்கும். அதை ஒவ்வொரு வீடும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேரட்டும். பாதியில் விலகுகிறவர்களில் சிலரையாவது இந்தக் கணக்கு முன்பே வடிகட்டிவிடும்.

கருவிகளை முதல் பருவத்திலேயே வாங்கிக் குவிக்க வேண்டாம். எட்டுப் பேர் இருவர் இருவராகச் சோதனை செய்தால் நான்கு தொகுப்பு போதும். நுண்ணோக்கி இரண்டு இருந்தால் முறைவைத்துப் பார்க்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் ஆளுக்கு ஒன்று, அதில் சிக்கனம் வேண்டாம். 14 வயதுப் பிள்ளைகள் அடுத்த ஆண்டே மேல்வகுப்புக்குப் போய்விடுவார்கள் என்பதால், மூன்றாண்டில் ஈடுகட்டலாம் என்று விலை உயர்ந்த எதையும் வாங்காதீர்கள். பொதுப் பணத்தில் வாங்கிய ஒவ்வொன்றையும் தேதி, விலையோடு பதிவேட்டில் எழுதுங்கள். குழு கலைந்தால் அவை விற்கப்பட்டு, கட்டிய கட்டண விகிதத்தில் பணம் பிரிக்கப்படும். பதிவேட்டில் இல்லாத பொருள் அதைக் கொண்டுவந்த வீட்டுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.