வைஃபை வம்புகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மடிக்கணினி வைஃபையில் இணைந்திருப்பதாகவே காட்டுகிறது. ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் அதே இடத்தில், அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பலர் அதை மறந்துவிட்டு, 'போனில் நன்றாகத்தானே வருகிறது' என்பார்கள். கைப்பேசியிலும் வரவில்லையென்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு வரும் இணைப்பிலோதான். மடிக்கணினியைத் தொட வேண்டியதில்லை.

கைப்பேசியில் வருகிறதா? சரி, இப்போது மடிக்கணினியின் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தராததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, மடிக்கணினியில் சேமித்திருக்கும் அந்த வைஃபை இணைப்பை நீக்கிவிட்டு, கடவுச்சொல் கொடுத்து மறுபடி இணையுங்கள்.

முகவரி ஒழுங்காக இருந்தால், கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (அங்கிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுங்கள். அதற்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் திறக்கவில்லையென்றால், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள். அப்புறம், விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்) ஏதாவது பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: தூக்க நிலையிலிருந்து எழுப்பினால் வைஃபை வருவதில்லை.

பதில்: மின்சாரம் மிச்சப்படுத்த, மடிக்கணினிக்குள் வைஃபையைப் பிடிக்கும் பாகமான வைஃபை கார்டை விண்டோஸ் அணைத்துவிடுவது உண்டு. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பண்புகளுக்குள் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், அதற்கான அனுமதியை எடுத்துவிடுங்கள். சில புதிய மடிக்கணினிகளில் அந்தப் பகுதியே இருக்காது. அப்படியானால் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதை மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வைஃபை மந்தமாகிறது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழும். வைஃபையும் வயர்லெஸ் மவுசும் அங்கேதான் இருக்கின்றன, அதனால் மவுஸ்கூடத் திணறலாம். டிஸ்க்கைக் கொஞ்சம் நீளமான, தரமான கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது மடிக்கணினியின் மறுபக்கத் துளையில் செருகுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறிவிடுவது இன்னும் நல்லது. ஆனால் சுவர்களைத் தாண்டும் தெம்பு அதற்குக் குறைவு.

கேள்வி: கைப்பேசியில் தெரியும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மடிக்கணினியில் தெரியவில்லையே?

பதில்: உங்கள் கார்டு 2.4 மட்டும் பிடிக்கும் ரகமாக இருக்கலாம். அப்படியென்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. இரண்டையும் பிடிக்கும் கார்டு என்றால், ரவுட்டர் இப்போது இருக்கும் சேனல் (பட்டைக்குள் ஒரு சிறு பிரிவு) அதற்குப் பிடிபடாமல் இருக்கலாம். ரவுட்டரில் சேனலை 36-க்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: வைஃபை சின்னமே காணாமல் போய்விட்டது!

பதில்: விமான நிலை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் போதாது, ஏனென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினி அதில் முழுதாக அணைவதில்லை. அதற்குப் பிறகும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் வரவில்லையென்றால் கார்டு கழன்றோ பழுதாகியோ இருக்கலாம். பழுது பார்க்கும்வரை யுஎஸ்பி துளையில் செருகும் ஒரு சிறிய வைஃபை டாங்கிளை வைத்துச் சமாளிக்கலாம்.