வாசகர் கேள்வி: பெட்டி வாசலில் கதண்டு

கேள்வி: அம்மா, மொட்டைமாடியில் தேனீப் பெட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. மழை விட்டதிலிருந்து தினமும் இரண்டு மூன்று பெரிய குளவிகள் வாசலில் நின்று தேனீக்களைப் பிடித்துப் போகின்றன. கறுப்பு உடம்பு, வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை. மருந்து அடிக்கலாமா, பெட்டியையே எடுத்துவிடலாமா? – வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம். குளவிக்கு அடிக்கிற மருந்து, பக்கத்தில் இருப்பது தேனீ என்று பார்த்து ஒதுங்கிப் போகாது.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது கதண்டு. கொங்குப் பக்கம் கடந்தை என்பார்கள். பேப்பரில் 'விஷ வண்டு' என்று போடுகிறார்கள். வண்டே இல்லை, குளவி ஜாதி. இந்தப் பட்டைக்காரர்களில் இரண்டு வகை உண்டு. பெரியது, மற்றக் குளவிகளின் கூட்டைத் தேடிப்போய்ப் புழுக்களைக் கொள்ளையடிக்கும். சற்றுச் சின்னது மரத்தில் கூடு கட்டி, மீன்கடை, பழக்கடை, தேனீப் பெட்டி என்று எல்லா இடத்திலும் மேயும். உங்கள் வீட்டுக்கு வருவது அநேகமாக இதுதான்.

மடிப்பாக்கத்தில் என் மாடியில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒரு ஐப்பசிக் காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்த்தேன். கதண்டு வாசலுக்கு ஒரு சாண் முன்னால், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. காலில் மகரந்தத்தோடு அசந்து திரும்பிய ஒன்றை ஒரே கவ்வு. நேரே கறிவேப்பிலைச் செடிக்குப் போய், பின்னங்காலால் கிளையில் தொங்கிக்கொண்டு, தலை, இறக்கை, கால், வயிறு எல்லாவற்றையும் கத்தரித்துக் கீழே தள்ளியது. மிச்சம் வைத்தது நடு உடம்பை மட்டும். பறக்கிற தசை முழுக்க அங்கேதானே இருக்கிறது! அதை மென்று மிளகு அளவுக்கு உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. அந்தக் கறி அதற்கில்லை, கூட்டில் இருக்கும் புழுக்களுக்கு. வளர்ந்த கதண்டு குடிப்பது பூந்தேனும் பழச்சாறும், அந்தப் புழுக்கள் வாயிலிருந்து திருப்பித் தரும் இனிப்பு நீரும்தான்.

தேனீக்களும் லேசுப்பட்டவை அல்ல. நம்முடைய அடுக்குத் தேனீ தலைமுறை தலைமுறையாகக் கதண்டுக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தியது. கதண்டு நெருங்கினால் வாசலில் நிற்பவை எல்லாம் ஒன்றாக வயிற்றை ஆட்டும். பார்ப்பதற்கு ஒரு அலை ஓடுவது போல இருக்கும். மீறிக் கால் வைத்தால் நூற்றுக்கணக்கில் மேலே விழுந்து பந்தாக மூடி, பறக்கும் தசையை நடுக்கிச் சூடேற்றிவிடும். ஜப்பானில் இருக்கும் இதே இனத்துத் தேனீயையும் அங்குள்ள ராட்சதக் கதண்டையும் வைத்து 1995-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பந்துக்குள் வெப்பம் சுமார் 47 டிகிரி. கதண்டு அதில் வெந்துபோகும், தேனீ 48க்கு மேலும் தாங்கும்.

ஆனால் இதற்கெல்லாம் ஆள்பலம் வேண்டும். என் மூன்றாவது பெட்டி கதண்டால் போனது என்றுதான் பல நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. மழை மழை என்று இரண்டு மாதம் பெட்டியைத் திறக்கவே இல்லை நான். மெழுகுப் பூச்சி விழுந்து அடையெல்லாம் நூலாம்படை மாதிரி ஆகிவிட்டது. கதண்டு வந்தது கடைசியில்.

ஆகவே முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். காலி அடைகளை எடுத்துவிடுங்கள். வாசலில் ஒரு ரீப்பர் துண்டை ஆணியடித்து, இடைவெளியின் உயரத்தை ஐந்தரை மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். தேனீ நுழையும், கதண்டு முட்டிக்கொண்டு நிற்கும். ரொம்பத் தொந்தரவு கொடுக்கும் ஒன்றிரண்டைக் கொசு பேட்டால் தட்டலாம், நானும் தட்டியிருக்கிறேன். வெல்லத் தண்ணீர் பாட்டில் கட்டாதீர்கள், தேனீயும் போய் விழும். பாட்டிலில் கருவாடு போட்டுப் பார்த்தேன். தெருப்பூனை அத்தனையும் மாடிக்கு வந்துவிட்டது.

கேள்வி: பக்கத்துக் காலி மனை மாமரத்தில் பூசணிக்காய் அளவுக்குக் கதண்டுக் கூடு. ராத்திரி பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்கிறார் என் மைத்துனர். – வாசகர், வேளச்சேரி

பதில்: மைத்துனரைக் கையைக் காலைப் பிடித்தாவது நிறுத்துங்கள். கூடு உச்சிக் கிளையில் இருந்து, கீழே ஆள் நடமாட்டமும் இல்லையென்றால், நானாக இருந்தால் விட்டுவிடுவேன். உங்கள் அவரைப் பந்தலில் புழு குறைவது அவற்றாலும்தான். ஆனால் ஆள் உயரத்திலோ, பள்ளிப் பிள்ளைகள் போகும் வழியிலோ என்றால் தீயணைப்புத் துறைக்கு 101. அதுவரை கல்லெறியவும் வேண்டாம், அடியில் நின்று பேட் வீசவும் வேண்டாம். அடிபட்ட கதண்டின் விஷ வாடைக்கு மொத்தக் கூடும் கிளம்பி வரும். தீபாவளி ராக்கெட் விடும் பையன்களிடமும் சொல்லி வையுங்கள்.

துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுங்கள். தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போகும், அதை நகத்தால் உடனே வழித்துவிட வேண்டும். கதண்டு எதையும் விட்டுப்போகாது, அதே ஊசியால் மறுபடி மறுபடி கொட்டும். சுண்ணாம்பு தடவுவதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று, ஐஸ்தான் வைக்கிறேன். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, நிறைய இடத்தில் கொட்டியிருந்தாலோ 108. அப்படி நிறையக் கொட்டு வாங்கியவர் மறுநாள் எழுந்து நடமாடுகிறாரே என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ கருத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

கேள்வி: ஹாலில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. குழந்தை பிறக்கும் அறிகுறி, உடைக்காதே என்கிறார் மாமியார். கொட்டுமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: கையில் பிடித்தால் ஒழியக் கொட்டாது. தனியாக வாழ்கிற குளவி அது, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வராது. 'கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கும்' என்று என் பாட்டியும் சொல்வாள். பாவம், அந்தப் புழு குளவியின் குஞ்சுக்குச் சாப்பாடு. கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, கூடவே முட்டையிட்டு, மண்ணால் பூசிவிடும். வெளியே வருவது முட்டையிலிருந்து வந்த குளவி. ஸ்விட்ச் போர்டு ஓட்டையில் கட்டினால் மட்டும் மெயினை அணைத்துவிட்டுச் சுரண்டி எடுங்கள். மற்றபடி மாமியார் சொல்கிறபடியே விடுங்கள். எங்கள் ஹாலில் காலண்டர் ஆணியைச் சேர்த்தே ஒன்று கட்டியிருக்கிறது. காலண்டர் இப்போது எதிர்ச் சுவரில்.