209 பிரைமரிலிருந்து மஸ்கெட் கேப்புக்கு: பழைய இன்லைன் மஸில்லோடர் வாங்கும் முன்

கேள்வி: அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம், பாய்ஸி நகரில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். இந்த முறை மஸில்லோடர் (குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இறக்கிச் சுடும் துப்பாக்கி) சீசனில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு டேக் (அனுமதிச் சீட்டு) கிடைத்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் தன்னுடைய .50 காலிபர் இன்லைன் (குழலுக்கு நேர் பின்னாலிருந்து நெருப்பு போகும் வகை) மஸில்லோடரை ஸ்கோப், ஒரு டப்பா பெல்லட் (கட்டியாக்கிய மருந்து), சபாட் (பிளாஸ்டிக் உறை) குண்டுகள் எல்லாம் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். ஆனால் அது 209 பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சூடு அதிகமான சிறு வெடிமூடி) வெடிப்பது. இங்கே அது செல்லாது என்கிறார்கள். பழைய பாணித் தொப்பி வடிவ வெடிமூடியான மஸ்கெட் கேப்புக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: மாற்ற முடியுமா என்பதை அப்புறம் பார்ப்போம். அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உள்ளே லோடு இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டாத் துப்பாக்கி என்றால் போல்ட்டைத் திறந்த உடனே தெரிந்துவிடும். குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இறக்கும் துப்பாக்கியில் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

பிரைமர் இருந்தால் எடுத்துவிடுங்கள். முகத்தையும் உடம்பையும் குழலின் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று ரேம்ராடை (குண்டைத் தள்ளி இறக்கும் கோல்) உள்ளே விடுங்கள். அது முட்டி நிற்கும் இடத்தில், வாய்மட்டத்துக்கு நேராக ரேம்ராடை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அதே அளவைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். நுனி, பிரீச் பிளக் (குழலின் பின்முனையை மூடும் திருகு) தொடங்கும் இடம் வரைக்கும் வர வேண்டும். இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு கராஜ் விற்பனையில் நான் எடுத்துப் பார்த்த துப்பாக்கியில் ரேம்ராடு இரண்டரை அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றித் தள்ளினோம், இரண்டு பெல்லட்டும் ஒரு சபாட் குண்டும் வந்து விழுந்தன. அதை வைத்திருந்தவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதுவரை அதைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து எந்த மஸில்லோடரைத் தொட்டாலும் எனக்கு முதல் வேலை இதுதான்.

அடுத்தது பிரீச் பிளக். பழைய இன்லைனில் நீங்கள் காசு கொடுப்பது இதற்கும் குழலின் உட்புறத்துக்கும்தான். கட்டை, கேமோ பெயிண்ட், ஸ்கோப் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். விற்பவரிடம், 'பிளக்கைக் கழற்றிக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். அதற்கென்று உள்ள ரெஞ்ச் போட்டால் சாதாரண பலத்துக்கே கழன்று வர வேண்டும். மரைகளில் கிரீஸ் இருந்தால் நல்ல சகுனம். வறண்டு, கரி பிடித்து, அசையவே இல்லை என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கரிமருந்தின் கசடு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் இரும்பைத் தின்னும். ஒரு சீசன் முடிந்து கழுவாமல் வைத்தாலே பிளக் குழலோடு ஒட்டிப்போகும். ஸ்டெயின்லெஸ் குழல் என்றால் துருவே பிடிக்காது என்று சொல்பவர்கள் உண்டு. மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பிளக் வந்துவிட்டால் குழலின் பின்பக்கமிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வாய்ப்பக்கம் பளபளவென்று இருந்து, மருந்து உட்காரும் கடைசி நாலு அங்குலம் மட்டும் புள்ளி புள்ளியாக அரித்திருப்பது சகஜம். லேசான கறை போகட்டும். குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையும் உண்டு. எண்ணெய் தொட்ட துணிப் பேட்ச் ஒன்றை இறுக்கமாக ரேம்ராடில் மாட்டி முழு நீளமும் மெதுவாகத் தள்ளுங்கள். ஒரே சீராக இறுக்கம் தெரிய வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் சட்டென்று தளர்ந்து மறுபடி இறுகினால், அங்கே குழல் வளையமாக உப்பியிருக்கிறது. யாரோ குண்டை மருந்தோடு ஒட்டும்வரை தள்ளாமல் பாதியில் விட்டுச் சுட்டிருக்கிறார்கள். அந்தக் குழலை வைத்துச் சுடக் கூடாது.

சிவிஏ கம்பெனியின் இன்லைன் என்றால் வரிசை எண்ணையும் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 95 அல்லது 96 என்றிருக்கும் இன்லைன்களைச் சுட வேண்டாம் என்று 1997-லேயே திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அப்படிச் சில துப்பாக்கிகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

சரி, மாற்றும் விஷயம். ஐடஹோவின் மஸில்லோடர் சீசன் விதி 209 பிரைமரை மட்டும் தடுப்பதில்லை. தீக்கல், பெர்கஷன் கேப், மஸ்கெட் கேப் இவைதான் செல்லும் என்பதோடு, ஹேமரை இழுத்துச் சுடத் தயாராக இருக்கும்போது கேப்பின் ஏதாவது ஒரு பகுதி வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும் சொல்கிறது. பலர் தவறுவது இங்கேதான். 209 பிளக்கைக் கழற்றிவிட்டு மஸ்கெட் கேப் நிப்பிள் (கேப்பை மாட்டும் துளையுள்ள சிறு முனை) உள்ள பிளக்கைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். குழலை மடக்கித் திறக்கும் வகைத் துப்பாக்கியில் குழலை மூடியதும் கேப் ஃபிரேமுக்குள் மறைந்துவிடும். பிளக் சரியாக இருந்தாலும் துப்பாக்கி விதிக்கு உட்படாது. அதற்காகத்தான் சிவிஏ, டிரடிஷன்ஸ் போன்றவர்கள் இந்தப் பக்கத்து மாநிலங்களுக்கென்று 'நார்த்வெஸ்ட்' என்ற பெயரில் தனி மாடல்களே செய்கிறார்கள். அவற்றில் கேப் இருக்கும் இடம் திறந்திருக்கும். சாதாரண மாடலின் ஃபிரேமை நீங்களே அரத்தால் ராவித் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெடிக்கும்போது பின்னால் வரும் நெருப்பையும் கேப் சிதறலையும் தடுத்து நிற்பது அந்த இரும்புதான்.

ஆகவே நண்பரிடம் மாடல் பெயரைக் கேட்டு, அதே மாடலுக்குத் தயாரிப்பாளரே மஸ்கெட் கேப் பிளக் விற்கிறாரா, போட்டு மூடியதும் கேப் தெரிகிறதா என்று இரண்டையும் உறுதிப்படுத்துங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் மாற்றலாம். வேறு கம்பெனி பிளக்கைத் 'தோராயமாகப் பொருந்துகிறது' என்று போடவே கூடாது. நிப்பிளிலும் இதே கவனம் வேண்டும். கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 மரை உள்ளதும், 6 மில்லிமீட்டர் விட்டத்தில் மெட்ரிக் மரை உள்ளதும் கையில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் துளையில் மற்றதை முறுக்கி ஏற்றினால் ஓரிரு சுற்று பிடிக்கவும் செய்யும். சுடும்போது அந்த நிப்பிள் உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும்.

என் சொந்த அபிப்பிராயம், 209 துப்பாக்கியை வாங்கி மாற்றுவதைவிட, பிளஞ்சர் (ஹேமருக்குப் பதிலாக நேராக முன்னால் பாய்ந்து கேப்பை அடிக்கும் தண்டு) வகைப் பழைய இன்லைனைத் தேடுவது நல்லது. மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985-இல் கொண்டுவந்த எம்கே-85 அப்படிப்பட்டது. பிளஞ்சரைப் பின்னுக்கு இழுத்தால் நிப்பிளும் கேப்பும் திறந்த வெளியில் தெரியும். பிளக் பின்பக்கமாகவே கழன்று வரும். வழக்கமான சேஃப்டி போக, பிளஞ்சரின் வாலில் இன்னொரு திருகு சேஃப்டியும் உண்டு. 11-ஆம் எண் என்ற சின்ன பெர்கஷன் கேப்பில் வெடிப்பதை மஸ்கெட் கேப்புக்கு மாற்ற நிப்பிளை மட்டும் மாற்றினால் போதும். மஸ்கெட் கேப் பெரியது, நெருப்பும் அதிகம். குளிரில் கையுறையோடு மாட்டவும் எளிது.

இப்போது அந்த ஸ்கோப், பெல்லட், சபாட் விஷயம். ஐடஹோ மஸில்லோடர் சீசனில் மூன்றுமே செல்லாது. குறிபார்க்கத் திறந்த சைட் அல்லது பீப் சைட் (சிறு துளை வழியாகப் பார்ப்பது)தான் வேண்டும். மருந்து உதிரியாக இருக்க வேண்டும். குண்டு ஈயத்தாலோ ஈயக் கலவையாலோ ஆன கோனிக்கல் (கூம்பு முனை) அல்லது துணி சுற்றிய உருண்டையாக இருக்க வேண்டும். எல்க்குக்குக் குறைந்தது .50 காலிபர். இவற்றை ஐடஹோ மீன், வனவிலங்குத் துறையின் நடப்பு சீசன் விதிப் புத்தகத்தில் ஒருமுறை சரிபாருங்கள். டேக்கோடு மஸில்லோடர் பெர்மிட்டும் தனியாக வேண்டும். ஆக, நண்பர் சொல்லும் விலையில் பாதி, உங்களுக்குப் பயன்படாத சாமான்களின் விலை. அவற்றை அவரிடமே விட்டுவிட்டுத் துப்பாக்கிக்கு மட்டும் பேசுங்கள். அதோடு பிளக், பீப் சைட் விலையைக் கூட்டிப் பார்த்துப் புதிய நார்த்வெஸ்ட் மாடலின் விலையை நெருங்கினால், புதியதையே வாங்கிவிடுங்கள்.

இன்லைன் குழல்களில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் உட்புறக் கோடுகள்) இருக்கும். அதற்கு நீளமான கோனிக்கல் குண்டு நன்றாகப் போகும், உருண்டை சிதறும். மருந்தில் பிளாக்ஹார்ன் 209-ஐத் தவிர்த்துவிடுங்கள். பெயரே சொல்கிறபடி அது 209 பிரைமரின் சூட்டுக்குச் செய்யப்பட்டது, மஸ்கெட் கேப்பில் நம்பகமாகப் பற்றாது. அசல் கரிமருந்து மிக எளிதாகப் பற்றும், அது கிடைக்காவிட்டால் பைரோடெக்ஸ் ஆர்எஸ். இரண்டையும் எடை போட்டு அல்ல, மருந்து அளக்கும் குழாயில் கொள்ளளவாக அளக்க வேண்டும். உச்ச அளவு அந்தத் துப்பாக்கியின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. இந்தக் குழல்கள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல, வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும்.

சட்டத்தில் ஒரு விஷயம். கூட்டரசுச் சட்டப்படி சாதாரண மஸில்லோடர் 'ஃபயர்ஆர்ம்' கணக்கில் வராது. ஆனால் குழலை மாற்றித் தோட்டாத் துப்பாக்கியாக்கக்கூடிய தாம்சன் சென்டர் என்கோர் போன்றவை வரும். நீங்கள் எச்-1பி மாதிரியான விசாவில் இருந்தால் அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். அந்த விசாக்காரர்கள் ஃபயர்ஆர்ம் வைத்திருக்கச் சட்டத்தில் தடை உண்டு, வேட்டை லைசென்ஸ் அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று.

வாங்கி மாற்றியாயிற்று என்றால், நேரே காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ரேஞ்சில், லோடு இல்லை என்று ரேம்ராடால் உறுதி செய்துவிட்டு, கேப்பை மட்டும் மாட்டி, குழலின் வாயை ஓர் அடி தள்ளித் தரையில் கிடக்கும் காய்ந்த இலையை நோக்கி வைத்துச் சுடுங்கள். இலை துள்ளினால் நெருப்பு போகும் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளிலோ பிளக்கிலோ எண்ணெயோ கரியோ அடைத்திருக்கிறது. கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அதன் பிறகு லோடு போட்டு 50 கெஜத்தில் தொடங்கி 100 கெஜத்துக்குப் போங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவே ஓர் ஈரப் பேட்ச், ஓர் உலர்ந்த பேட்ச் விடுங்கள். குண்டு முழுதாக இறங்கியதும் ரேம்ராடில் வாய்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். காட்டில் லோடு செய்யும்போது அந்தக் கோடு வாய்க்கு மேலே தெரிந்தால் குண்டு இன்னும் உட்காரவில்லை. அன்று மாலையே பிளக்கைக் கழற்றி, சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, உலர்த்தி எண்ணெய் தடவி, மரைகளில் கிரீஸ் போட்டு மாட்டுங்கள்.